காரைதீவுச் சந்தியில் வேனை நிறுத்து

மகன், உனக்கு ஸலாம். சுகம் விசாரிக்க எனக்கு நேரமுமில்லை, மனமுமில்லை. இந்தக் கடிதம் உன் சோற்றுப் பார்சலுக்கு அடியில் இருக்கும். உன் மச்சான் விமான நிலையத்தில் உன்னை வேனில் ஏற்றியதும், "உம்மா சோறு கட்டித் தந்திரிக்கா" என்று பையை நீட்டுவார். உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முதலில் பாரைமீன் பொரியலோடு சோற்றைத் தின்று முடி. பிறகு இதைப் படி. பசியோடு படித்தால் உனக்குக் கோபம் மட்டும்தான் வரும், உன்னைப் பெற்ற எனக்குத் தெரியாதா? போனில் சொன்னால் வெட்டிவிடுகிறாய். வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு, "உம்மா, பிறகு கதைக்கிறேன்" என்று எழுதுகிறாய். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழித்து எறிய நினைத்தாலும் கிழிக்கும்போது ஒரு வரியாவது கண்ணில் படும். கட்டுநாயக்காவிலிருந்து நம் வாசலுக்கு வர ஏறக்குறைய ஒரு பகல் முழுதும் அந்த வேனில் இருக்கத்தான் வேண்டும். அதற்குள் நீ ஒரு முடிவுக்கு வா. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு எடுக்கிற முடிவு எனக்கு வேண்டாம்.

உன் வாப்பாவுக்கு இனி அதிக நாளில்லை. டொக்டர் கையை விரித்துவிட்டார், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். உடம்பின் ஒரு பக்கம் முழுதும் விழுந்து கிடக்கிறது. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினால் பாதிதான் உள்ளே போகிறது, மீதி கழுத்தில் வழிகிறது. வாய் மட்டும் ஓயவில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்கிற மனுசன் அவர். இப்போது வாசலில் ஆளின் நிழல் தெரிந்தால் போதும், "ஆரு, தம்பிராசாவா? உள்ள வாடா, ஏன் வெளிய நிக்கிற?" என்று கூப்பிடுகிறார். முதல் தடவை நான் சிரித்துவிட்டேன். மூளை கலங்கினால் மனுசர் பழைய ஆட்களைத்தானே தேடுவார்கள் என்று நினைத்தேன். அப்படியே நினைத்துக்கொண்டு மௌத்தாகியிருந்தால் நான் கொடுத்து வைத்தவள்.

நீ அறிந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ அறிந்தது பாதி. தம்பிராசாவை நீ கண்டதில்லை. அவன் காணாமல் போன கலவர வருஷம் நீ என் வயிற்றில் இருந்தாய். காரைதீவு ஆள், நாவிதன்வெளிப் பக்கத்து வயலை வாப்பாவோடு கூட்டாகச் செய்தவன். வாப்பாவைக் காக்கா என்று அண்ணன் முறையில் கூப்பிடுவான், சொந்தத் தம்பி மாதிரி உரிமையோடு சண்டையும் பிடிப்பான். பெருநாளைக்கு அவன் நம் வீட்டில் சாப்பிடுவான், பொங்கலுக்கு வாப்பா அவன் வீட்டுக்குப் போவார். அவன் பெண்சாதி பூமணியை உனக்கு நன்றாகத் தெரியும். போகம் தவறாமல் நம் வயலிலிருந்து அவளுக்கு நெல் போகும். பள்ளிக்கூடம் போகிற வயதில் நீயும் உழவு மெசினில் ஏறிக்கொண்டு போய் மூடைகளை இறக்கிவிட்டு வருவாய். அவள் உன் தலையைத் தடவி, "உங்கட வாப்பா மாதிரி ஒரு மனுசன் ரெண்டு ஊரிலயும் இல்ல ராசா" என்று சொன்னதை வந்து என்னிடம் எத்தனை தரம் சொல்லிக் காட்டியிருப்பாய்! ஊரும் அப்படித்தான் சொன்னது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பூமணி இன்றைக்கும் நெற்றியில் பொட்டு வைக்கிறாள். தலை முழுதும் நரைத்துவிட்டது, தாலியைக் கழற்றவில்லை. அவன் செத்துவிட்டான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லையே. "மத்தியானமே வயல விட்டு வெளிக்கிட்டான், மறுகா நான் காணல்ல" என்று வாப்பா சொன்னார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு அவள் முப்பது வருஷத்துக்கு மேல் அலைந்தாள். எந்த முகாமில் ஆள் இருக்கிறதென்று கேள்விப்பட்டாலும் ஓடினாள். விசாரிக்க யார் வந்து கதிரை போட்டு உட்கார்ந்தாலும் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். சாத்திரக்காரன் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால் அவனுக்கும் காணிக்கை வைத்தாள். சுனாமியில் கடல் வந்த அன்று வீட்டிலிருந்து அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியவள் அவள். அந்தப் படத்தில் தம்பிராசாவுக்கு மீசை சரியாகக்கூட முளைக்கவில்லை. இப்போது பார்க்கிறவர்கள் மகனையா தேடுகிறாய் என்று கேட்கிறார்களாம்.

உனக்கு ஒரு நாள் நினைவிருக்கிறதா? வாப்பாவின் சைக்கிளைக் கேளாமல் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், மட்கார்டை நெளித்துக்கொண்டு வந்தாய். கேட்டதற்கு, "அல்லாஹ் மேல சத்தியமா நான் எடுக்கல்ல வாப்பா" என்றாய். உனக்கு அடி நிச்சயம் என்று நானே பயந்து நடுவில் வந்து நின்றேன். அவர் அடிக்கவில்லை. உன்னையே பார்த்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். நீ பயந்துபோய் என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாய். "பாத்தியா, பொய்ச் சத்தியம் எண்டா வாப்பாவுக்கு எவ்வளவு பயம்" என்று நான் உனக்குப் பாடம் சொன்னேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவரும் சத்தியம் என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. கடைத்தெருவில்கூட, அவர் சத்தியம் செய்யாத மனுசன், அவர் சொன்னால் சரி என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் எதற்காக அழுதார் என்று எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

மத்தியானம், லுஹர் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். உன் தங்கச்சி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கலக்கம் ஒன்றுமில்லை. "இஞ்சப் பாரு, கதவச் சாத்திட்டுக் கிட்ட வா" என்றார். போய் உட்கார்ந்தேன். "தம்பிராசா எங்கயும் போகல்ல. நம்மட வயல்லதான் இரிக்கான். மருதமரத்துக்குக் கீழ" என்றார். வயல் மூலையில் மருதமரத்தடியை ஏன் உழுவதில்லை என்று நீ ஒரு தரம் கேட்டாயே? புற்று இருக்கிறது, பாம்பு கிடக்கும் என்றாரே? அந்த இடம்தான் மகன்.

அன்று ரோட்டெல்லாம் வெட்டுக்குத்து. தம்பிராசாவுக்கு ஊருக்குத் திரும்ப வழியில்லை. இரண்டு பேரும் வயல்வாடிக் குடிசைக்குள் இருந்திருக்கிறார்கள். வாப்பா தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்து, சாரத்தை நம் ஆட்கள் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டு, கலிமாவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாராம். "காக்கா, இதுல கொஞ்சம் தடுக்கினாலும் சுடுவானுகளோ?" என்று அவன் சிரித்தானாம். தமிழ் ஆட்களைத் தேடிச் சீருடைக்காரர்கள் வந்தார்கள். அவர்களோடு நம் பேச்சுப் பேசுகிற ஒருவனும் வந்திருந்தான். ஓதச் சொன்னான், தம்பிராசா தடுக்காமல் ஓதினான். போக விடத்தான் பார்த்தார்களாம். திரும்பிய பிறகு, ஓதச் சொன்னவனுக்கு என்ன தோன்றியதோ, வாப்பாவின் நெற்றியில் இருந்த தொழுகைத் தழும்பைப் பார்த்தபடி கேட்டானாம்: "காக்கா, நீங்க ஈமானுள்ள ஆள் மாதிரி இரிக்கி. அல்லாஹ் மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க, இவன் நம்மட ஆள்தானா?"

"என்ட வாய் தொறக்கல்ல" என்றார் வாப்பா. "ஓம் எண்டு ஒரு சொல்லு. சொல்லியிருந்தா அவன் இண்டைக்குப் பேரப்புள்ளயோட இரிப்பான். அல்லாஹ்ட பேர வெச்சுப் பொய் சொல்ல ஏலாதெண்டு நாக்கு ஒட்டிப்போச்சு. தம்பிராசா என்ட முகத்தப் பாத்தான். எனக்கு ஏசல்ல. மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போகக்குள்ள, 'காக்கா, பூமணியப் பாத்துக்கங்க' எண்டு மட்டும் சொன்னான்." அவர்கள் சுட்டுவிட்டுப் போன பிறகு வாப்பா தனியாளாய்க் குழி வெட்டியிருக்கிறார். வாய்க்கால் தண்ணீரில் குளிப்பாட்டி, தன் சாரத்தால் சுற்றி, கிப்லாப் பக்கம் முகத்தைத் திருப்பி அடக்கியிருக்கிறார். நம் முறையைத் தவிர வேறு முறை அவருக்குத் தெரியாதே. தொப்பியைக் கழற்ற மனம் வரவில்லையாம். அன்று மாலை அவர் தொப்பியில்லாமல், உள்காற்சட்டையோடு, உடம்பெல்லாம் சேறாக வந்தார். வாய்க்காலில் விழுந்தேன் என்றார். நான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். தொப்பி எங்கே, சாரம் எங்கே என்று கேட்கவில்லை. உயிரோடு வந்தாரே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

கொஞ்சக் காலம் கழித்து, யாருக்கோ நடந்தது மாதிரி ஒரு மௌலவியிடம் கேட்டாராம், ஒரு உயிரைக் காப்பாற்றப் பொய்ச் சத்தியம் பண்ணலாமா என்று. "என்ன கேள்வி காக்கா இது? பண்ணத்தான் வேணும். உயிரவிடப் பெரிசு என்ன இரிக்கி?" என்றாராம் அந்த மனுசன், வெற்றிலையைத் துப்பிவிட்டு. வாப்பா எழும்பி வந்துவிட்டார். இதைச் சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பிடித்தார். விழாத பக்கத்துக் கை அது, இரும்பு மாதிரி பிடித்தது. "நீ சொல்லு. நான் அல்லாஹ்வுக்குப் பயந்தனா, துவக்குக்குப் பயந்தனா? பொய் சொல்லி அகப்பட்டா என்னையும் சுடுவானுகள் எண்டு அந்த நேரம் நெஞ்சுல ஓடினது. உன்ட வயித்துல புள்ள எண்டும் ஓடினது. மார்க்கம் முதல் வந்ததா, பயம் முதல் வந்து மார்க்கத்தப் போத்திக்கொண்டதா? இத்தின வருஷமாத் தொழுதும் எனக்குத் தெரியல்ல" என்றார். என் மனுசனைக் கட்டிப்பிடித்து அழத்தான் முடிந்தது. ஏன் அவளுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "முதல்ல பயம். மறுகா வெக்கம். மறுகா அவ எனக்காகக் கோயில்ல நேர்த்தி வைக்கத் தொடங்கிட்டா. அதுக்குப் புறகு எப்பிடிச் சொல்லுற?" என்றார். பிறகு, "அவளக் கூட்டிட்டு வா. என்ட வாயாலதான் சொல்லணும்" என்றார். அன்றிலிருந்து தெளிவு வரும்போதெல்லாம் கேட்கிற ஒரே கேள்வி, "பூமணி வந்தாவா?"

அன்றே உனக்குப் போன் எடுத்தேன். "உம்மா, மனுசன் அறளை பேந்து உளறுறார், அதப்போய் நம்புறீங்களே" என்றாய். மருதமரத்தடி என்றேன். லைன் அறுந்துவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். பிறகு நீ கேட்டாய், "வேற ஆருக்குத் தெரியும்?" இதுதான் மகன் நீ கேட்ட முதல் கேள்வி. தம்பிராசாவைப் பற்றிக் கேட்கவில்லை. பூமணியைப் பற்றிக் கேட்கவில்லை. டொக்டர் தந்த நித்திரைக் குளிசையை ஒன்றுக்கு இரண்டாய்க் கொடுங்கள், ஆள் வந்தால் உள்ளே விடாதீர்கள் என்றாய். நானும் கொடுத்தேன். நீ சொன்னால் கேட்டுப் பழகிவிட்டேனே. அவர் விழிப்பதும் நான் கரைத்து ஊற்றுவதும் அவர் மறுபடி உறங்குவதுமாக நாட்கள் போயின. கஞ்சிக்காக வாயைத் திறக்கிறார், நான் குளிசையை ஊற்றுகிறேன். பெண்சாதி என்று நம்பித்தானே வாயைத் திறக்கிறார்.

ஒரு நாள் நானே துணிந்து முச்சக்கர வண்டியில் காரைதீவுக்குப் போனேன். படலையைத் திறக்கிறேன், பூமணி என் முகத்தைக் கண்டு கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அக்கா, என்ன, இவரப் பத்தி ஏதும் சேதி வந்ததா?" யாரும் எதிர்பாராத நேரத்தில் படலையைத் திறந்தால் அவளுக்கு அந்த ஒரே நினைவுதானாம். அந்த முகத்துக்கு நேரே எனக்கு நா எழவில்லை. வாப்பாவுக்குச் சுகமில்லை, கடவுளைக் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். உன் வாப்பாவைக் குறை சொல்ல எனக்கும் வாயில்லை என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நான் போய்ச் சொன்னதைக் கேட்டு அவளே பார்க்க வந்துவிட்டாள். போன கிழமை. குரும்பை வெட்டிக்கொண்டு, காகிதத்தில் மடித்த திருநீறோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். "இதத் தலமாட்டுல வெச்சாப் பிழையா அக்கா? அம்மன் கோயில்ல இவருக்கெண்டு பூசை செய்த" என்று பயந்து பயந்து கேட்டாள். வை என்றேன். உன் தங்கச்சி என்னை முறைத்தாள். வாப்பாவுக்குக் குளிசையின் மயக்கம். ஆனால் அவள் குரல் அவருக்குள் எங்கேயோ போய்த் தட்டியிருக்கிறது. கண் திறந்தது. அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது, "தம்பி... தம்பிராசா..." என்று வந்தது. தங்கச்சி எனக்குப் பின்னால் நின்று, "உம்மா!" என்றாள். மகன், நான் துவாயை எடுத்து, எச்சில் துடைக்கிற மாதிரி, என் கையால் அவர் வாயைப் பொத்தினேன். பொத்தியபடியே இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது. நாக்கு துவாய்க்குள் துடித்தது எனக்குத் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து என் விரலுக்கு மேல் ஓடியது. பூமணி குனிந்து பார்த்துவிட்டு, "பாவம், தண்ணி கேக்கிறார் போல அக்கா. எங்கட இவர்ர பேரச் சொல்லுறாரே. எத்தின வருஷம் போயும் மறக்கல்லப் பாருங்க" என்றாள். அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். அதே கையால்தான் உனக்கு மீனும் பொரித்தேன். அன்றிலிருந்து எத்தனை தரம் கழுவியும் அந்தச் சூடு போகவில்லை. வாப்பா அன்று வாடியில் வாயைத் திறக்காமல் இருந்தது ஒரு நிமிஷம். துவக்கு முனையில் இருந்தார், யோசிக்க நேரமில்லை. எனக்கு என்ன வந்தது? என் நெஞ்சுக்கு நேரே யார் துவக்கு நீட்டினார்கள்? எல்லாம் தெரிந்துகொண்டு, மத்தியான வெளிச்சத்தில், ஒரு கிழவனின் வாயைப் பொத்தினேன். யா அல்லாஹ், நான் யாராகிவிட்டேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது மகன். இந்த வீட்டில் இப்போது நான் பயப்படுகிற ஆள் நான்தான்.

நீ சொல்கிற நியாயம் எனக்கு விளங்காமலில்லை. "உம்மா, கிளறினீங்களெண்டா ரெண்டு ஊரும் பத்திக்கும். பொலிஸ் வரும், பேப்பர்க்காரன் வருவான். வாப்பாவ மௌத்தான புறகும் கொலைகாரன் எண்டுவாங்க" என்றாய். உன் தங்கச்சி காலைப் பிடித்து அழுகிறாள். "என்ட புள்ளைகள் காரைதீவு டீச்சரிட்டத்தானே டியூசனுக்குப் போகுதுகள். நாளைக்கு அதுகள் எந்த முகத்தோட போறது? ஆராவது கல்லெறிஞ்சா?" என்கிறாள். அவள் சொல்வதும் பொய்யில்லை. தாய்க்குத் தன் பிள்ளைதானே முதலில். அந்தப் பயத்தோடுதான் நானும் உங்களை வளர்த்தேன். அதே கலவரத்தில்தான் என் கூடப்பிறந்த தம்பியை அந்தப் பக்கத்து ஆட்கள் சுட்டுப் போட்டார்கள், நீ அறிவாய். எனக்கு மட்டும் ஆறின புண்ணா? ஆனால் என் தம்பியின் மையித்தை முற்றத்தில் கிடத்தினார்கள். நான் முகத்தைப் பார்த்தேன், நெற்றியில் கை வைத்தேன், தொண்டை கிழிய அழுதேன். கபுர் எங்கே என்று தெரியும், பெருநாளைக்கு நீங்கள் போய் ஸியாரத் செய்துவிட்டு வருவீர்கள். அதனால்தான் பைத்தியம் பிடிக்காமல் உங்களைச் சோறூட்டி வளர்த்தேன். பூமணிக்கு அழக்கூட நாம் விடவில்லையே. அவள் புருசன் கிடக்கிற மண்ணில் விளைந்த நெல்லை அவளுக்கே மூடை மூடையாகக் கொடுத்து, நல்ல மனுசர் என்ற பேரையும் வாங்கி வைத்திருக்கிறோம். இந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் தங்கச்சி, உம்மாவுக்கு வயது போய்விட்டது, பசி குறைந்துவிட்டது என்று உனக்குச் சொல்லியிருப்பாள்.

இதைச் செய்தால் இந்த முற்றத்தில் கால் வைக்க மாட்டேன் என்றாய். நீ என் ஒரே ஆண்பிள்ளை. அந்தச் சொல் என்னை அறுத்துப் போட்டது, மறைக்கவில்லை. நானே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றால் உன்னிடம் இப்படிக் கெஞ்ச மாட்டேன். வயலை வாப்பா உன் பேருக்கு எழுதிவிட்டார். அந்த மரத்தடி இப்போது உன்னுடையது. நான் சொல்லி அவள் வந்து கேட்டாலும், நீ மாட்டேன் என்றால் அவளால் ஒரு பிடி மண் எடுக்க முடியாது. அவனை எடுத்துத் தங்கள் முறைப்படி எரிக்க நினைப்பாளோ, கிடக்கிற இடத்திலேயே விட்டு ஒரு விளக்கு வைக்க நினைப்பாளோ, எனக்குத் தெரியாது. கேட்க வேண்டியது நாம். சொல்ல வேண்டியது அவள்.

இன்னொன்றும் இருக்கிறது. வாப்பா மௌத்தாகிவிட்டால் பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் நீதான் எழும்பி நிற்க வேண்டும், வாரிசு நீதானே. உன் மூத்தாப்பா மௌத்தான அன்று வாப்பா எழும்பி நின்றதைப் பார்த்திருக்கிறாய். "என்ட வாப்பா ஆருக்கும் ஏதும் குடுக்க இருந்தா என்னட்டக் கேளுங்க. ஆருக்கும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்கங்க" என்று நீ சபையைப் பார்த்துக் கேட்பாய். பின் வரிசை வரைக்கும் எல்லோரும், "பொருந்திக்கிட்டம்" என்பார்கள். அவர்களுக்கென்ன? உன் வாப்பா அவர்களுக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. பொருந்த வேண்டியவள் அந்த வரிசையில் இல்லை மகன். பொட்டு வைத்துக்கொண்டு காரைதீவில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். நீ எழும்பி நிற்கும்போது அது உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு அந்த வார்த்தையைக் கேட்டால், வாப்பா அன்று செய்ய மறுத்த பொய்ச் சத்தியத்தை நீ செய்கிறாய். அதுவும் ஒரு உயிரையும் காப்பாற்றாத பொய். உனக்கு நான் வேறு புத்திமதி சொல்லப் போவதில்லை. இத்தனை வயதில் நான் கண்டது இவ்வளவுதான்: நல்ல மனுசன் என்று நாலு பேர் சொல்லத் தொடங்கினால் அந்தப் பேரைக் காப்பாற்றவே மனுசன் கெட்டுப்போகிறான்.

மையித்தைப் பள்ளிக்கு எடுக்க முன் என்னிடமும் அவரை மன்னித்துப் பொருந்தச் சொல்லிக் கேட்பார்கள். வீட்டுப் பெண்களிடம் கேட்பது வழக்கம். பூமணிக்குத் தெரியாமல் வாப்பா போய்விட்டால் நான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். என் மனுசன் அவர். அவருக்காக உயிரையும் கொடுப்பேன். ஆனால் அவள் இருக்க, அவளுக்கு முந்திப் பொருந்த நான் யார்? சபை நடுவில் நான் வாயடைத்து நிற்பேன். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

இதைப் படிக்கிற நேரம் எந்த இடத்தில் வந்துகொண்டிருப்பாய் என்று தெரியாது. அம்பாறை தாண்டி, சம்மாந்துறை தாண்டினால் காரைதீவுச் சந்தி வரும். வேன்காரர் நம் ஊருக்கென்று இடப்பக்கம் திருப்பப் பார்ப்பார். நிறுத்தச் சொல். மச்சான் என்ன ஏது என்று கேட்டால், உம்மா சொன்னா என்று சொல். அம்மன் கோயிலுக்குப் பின்பக்கம் போய்ப் பூமணி வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். நீயும் நெல் மூடையோடு போன வாசல்தான், மறந்திருக்க மாட்டாய். அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். உன்னைக் கண்டதும் சேதி வந்ததா என்று ஓடி வருவாள், அந்த முகத்தை மட்டும் தாங்கிக்கொள். வாப்பா கூப்பிடுகிறார், வாங்க மாமி என்று சொல்லி ஏற்றிக்கொண்டு வா. மற்றதை அவர் சொல்வார். அவரால் ஏலாவிட்டால் நான் சொல்வேன். அவள் கத்தலாம், காறித் துப்பலாம், நம் முற்றத்து மண்ணை அள்ளித் தூற்றலாம். பொருந்தாமலே போகலாம். அது அவள் ஹக், அவள் உரிமை, அதற்கு நாம் ஒன்றும் சொல்ல முடியாது.

இன்று காலையில் குளிசை கொடுக்கவில்லை, நீ வரும்வரை கொடுக்கவும் மாட்டேன். உன் தங்கச்சி கேட்டதற்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். வாப்பா விழித்துக்கொண்டுதான் கிடக்கிறார். தலையணையை உயர்த்தி வைத்து, வாசல் தெரிகிற மாதிரி திருப்பிப் படுக்க வைத்திருக்கிறேன். உன்னைக் கூட்ட மச்சான் வேனில் புறப்பட முன், நான் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன். "ஆருக்கு எழுதுற?" என்று கேட்டார். மகனுக்கு என்றேன். "பூமணி வந்தாவா?" என்றார். மகன் கூட்டிக்கொண்டு வருவான் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது பொய்யா மெய்யா என்று உனக்குத்தான் தெரியும். வேன் வாசலில் வந்து நிற்கும்போது, நீ எவ்வளவு காலம் கழித்து வந்தாலும், நான் உன்னைத் தேட மாட்டேன் மகன். உனக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.